கல்லின் மேல் படுத்திருந்தவள்

அத்தியாயம் 14

போன வாரம் உஷாராணியை லேப்டாப் முன்னால் வாயைப் பிளந்தபடி உட்கார வைத்துவிட்டு வந்தோம். ஒரு வாரமாக அவள் அப்படியே உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்து யாரும் வருத்தப்பட வேண்டாம். அவள் அந்தப் படங்களைப் பார்த்தது சனிக்கிழமை சாயங்காலம். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. பிரிக்பீல்ட்ஸ் பிளாட்டில், கீழே கடையில் வாங்கி வந்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம்கூட இன்னும் பிரிக்கப்படவில்லை.

அதற்குள் கிள்ளானிலிருந்து போன் வந்துவிட்டது.

"உஷா, நீயா அந்தப் படத்தை அனுப்பச் சொன்னே?"

கிசுகிசுத்தது இராஜம்மா. உஷாராணியின் ஓரகத்தி, அவள் புருஷன் சிவநேசனின் அண்ணன் சபாபதியின் மனைவி. அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்தி மூன்று வருஷம் ஆகிறது. பெண்டாட்டிமார் இருவரும் அந்த மூன்று வருஷமும் ஒருத்தி பாத்ரூமிலும் ஒருத்தி பால்கனியிலுமாக நின்று, ஒரு நாள் தவறாமல் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

"எந்தப் படம்க்கா?"

"புலிப் படம்லா. கருப்புப் புலி, குட்டியோட. நம்ம முனீஸ்வரர் கல்லு மேல உக்காந்திருக்கே, அது."

உஷாராணி திரும்பி, மூடிக் கிடந்த லேப்டாப்பைப் பார்த்தாள்.

அந்தப் படங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். போன வாரம் படிக்காதவர்களுக்காக மட்டும் இல்லை. எத்தனை முறை சொன்னாலும் எனக்குச் சலிக்கவில்லை, அதுதான் நிஜம்.

உஷாராணி வாரத்தில் ஐந்து நாள் ஒரு பல் கிளினிக்கில், வாயைத் திறக்கப் பயப்படுகிறவர்களின் பெயரை எழுதிக்கொள்கிறவள். மிச்ச இரண்டு நாள் தொண்டூழியம். காட்டில் மரத்தோடு கட்டி வைத்த கேமரா, எதிரில் எது அசைந்தாலும் மூன்று படம் எடுக்கும். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து, இது மான், இது பன்றி, இது வெறும் இலை என்று குறித்துக் கொடுப்பது அவள் வேலை. காட்டுப்பன்றியின் பின்பக்கத்தை அவளைவிட அதிகம் பார்த்தவர் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே கிடையாது.

கேமரா எந்தக் காட்டில் இருக்கிறது என்று அவளுக்கே சொல்ல மாட்டார்கள். எண் மட்டும்தான். இது கே-ஏழு. படத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் இடக் குறிப்பையெல்லாம் அழித்த பிறகுதான் பரீதா அனுப்புவாள். அரிய விலங்கு ஏதாவது வந்துவிட்டால், பரீதா சரி என்று சொல்லும்வரை படம் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. இந்தப் பரீதா, மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் ஜெய்னுதீன் பாயின் மகள். பட்டும் ஜரிகையும் பார்த்து வளர்ந்த பிள்ளை, எனக்குச் சேறும் அட்டையும் போதும் என்று காட்டு ஆராய்ச்சிக்குப் போய்விட்டாள். இந்தத் தொண்டர்களுக்கெல்லாம் அவள்தான் பொறுப்பு.

சனிக்கிழமை, முந்நூறு இலைப் படங்களுக்கு அப்புறம், அது வந்தது.

முதல் படத்தில் இருட்டில் இரண்டு கண்கள். அடுத்ததில் முழு உடம்பு. கருஞ்சிறுத்தை. மலாய்க்காரர்கள் ஹரிமாவ் கும்பாங் என்பார்கள். பகலில் பார்த்தால் அடுப்புக்கரி மாதிரி ஒரே கருப்பு. ஆனால் இரவில் அந்தக் கேமரா, நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சத்தில் எடுக்கிறது. அந்த வெளிச்சத்தில், கருப்புக்குள் ஒளிந்திருந்த புள்ளிகள் அத்தனையும் மேலே எழுந்து வந்திருந்தன. கழுத்தில், தோளில், விலாவில், வால் நுனிவரை புள்ளி. இத்தனை கோலத்தையும் உடம்பில் வைத்துக்கொண்டு யாருக்கும் காட்டாமல் ஒரு ஜீவன் இருட்டில் நடமாடுகிறதே என்று உஷாராணி திரைக்கு இன்னும் கிட்டே முகத்தைக் கொண்டுபோனாள்.

அது ஒரு கல்லின் மேல் ஏறிப் படுத்தது. பூனைக்குட்டி அளவில் ஒன்று பின்னால் தள்ளாடி வந்து, அதன் வாலைக் கடித்தது. இருபத்தேழு படங்கள். கடைசிப் படத்தில் தாய் நேராகக் கேமராவைப் பார்த்தது. கும்பிடத் தோன்றியது. உஷாராணி கும்பிட்டாள்.

பின்னால் துண்டோடு வந்து நின்ற சிவநேசன் மட்டும் அந்தச் சிறுத்தையைப் பார்க்கவில்லை.

"இது எந்த இடம்?" என்றான்.

"நம்பர்தான்ங்க தெரியும்."

அவன் நகராமல் நின்றான். சரக்குக் கப்பல் பாரங்களைப் பார்த்துப் பார்த்து மரத்துப்போன மனுஷனுக்கும் உள்ளே ஒரு மனசு இருக்கிறதே என்று பெருமைப்பட்டுக்கொண்டு, அவள் வடைக்கு ஊறப் போட்ட பருப்பைப் பார்க்கப் போனாள். பிசகு அங்கேதான் நடந்தது. அவள் திரும்பி வருவதற்குள் அவன் தன் கைப்பேசியால் திரையைப் படம் பிடித்து, 'எஸ்டேட் சொந்தங்கள்' என்ற வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான்.

இடத்தைத் துடைத்துத் துடைத்து அனுப்பிய பரீதாவுக்கு, அந்தப் படத்தில் இருந்த ஒரு கல்லே ஊர்ப் பெயரைச் சொல்லும் என்று எப்படித் தெரியும்? இருநூற்றுப் பதினான்கு பேர் கொண்ட அந்தக் குழுவுக்குத் தெரியும்.

"நான்தான் போட்டேன். இப்ப என்ன?" என்றான் சிவநேசன், போனை வைத்துவிட்டு வந்த அவளிடம், பால்கனியில் தே தாரிக் டீயை ஆற்றிக்கொண்டே. முகத்தில் கல்யாண மாப்பிள்ளை களை. "மூணு வருஷமா என்னைப் பைத்தியம்னானுங்கல்ல? இப்ப பாரு. அப்பா நட்ட கல்லு. இடது மூலை உடைஞ்சிருக்கு. கேமராவே சாட்சி சொல்லிருச்சு."

விஷயம் இதுதான். டெங்கில் பக்கம் இவர்களெல்லாம் இருந்த எஸ்டேட் தோட்டம் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் கைமாறி, ஜனங்கள் கிள்ளானுக்கும் செராஸுக்குமாகப் பிரிந்தார்கள். இவர்களுடைய அப்பா நட்ட முனீஸ்வரர் கல்லை, புதிதாகக் கட்டிய கிள்ளான் கோயிலுக்குக் கொண்டுவரும் பொறுப்பு சபாபதிக்கு. கொண்டுவந்தார்; கும்பாபிஷேகமும் ஆனது. அப்போது ஜொகூரில் வேலையாக இருந்த சிவநேசன், ஒன்பது வருஷம் கழித்து ஒரு அபிஷேகத்தில் சந்தனமும் துணியும் களைந்த கல்லைப் பார்த்தான். மூலை உடையவே இல்லை. 'இது அப்பா வச்ச கல்லு இல்ல' என்று சபையில் சத்தம் போட்டான். சாமியைச் சந்தேகப்பட்டவன் என்று அண்ணன் கோயிலை விட்டு வெளியே போகச் சொன்னார். அன்றோடு சரி.

"கேமராவை எதுக்குங்க காட்டுல கட்டி வச்சிருக்கோம்? உங்க பஞ்சாயத்துக்கா?"

"ஒரே ஒரு படம்தானேலா."

அவள் அவன் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். ஒரே ஒரு படத்துக்குக் கீழே நூற்றெழுபது பதில்கள். 'முனீஸ்வரர் வாகனத்தோடு காட்சி கொடுத்துவிட்டார்.' 'உடம்பெல்லாம் சிலிர்க்குது.' கோயில் செயலாளர் யுகேந்திரன் குரல் பதிவே போட்டிருந்தான்: "சொந்தங்களே, அடுத்த ஞாயிறு மூணு வேன். உறுமி மேளம், கெடா, எல்லாம் சொல்லிருவோம். இன்னிக்கு அஞ்சு மணிக்குக் கூட்டம்." யாரோ ஒருவர் வழியும் எழுதிவிட்டார்: ரோட்டிலிருந்து ஓடை ஓரமாகப் பத்து நிமிஷ நடை, பழைய பம்பு ஹவுஸுக்குப் பக்கத்தில். அதற்கும் கீழே ஒரு செராஸ் பையன், 'என் ஆபீஸ் குரூப்ல போட்டேன் ப்ரோ, செம ரெஸ்பான்ஸ்.'

உஷாராணி அதற்கு மேல் படிக்கவில்லை. பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பரீதாவை அழைத்தாள். ஒன்றையும் மறைக்கவில்லை.



"திட்டிரும்மா, பரவாயில்ல."

"திட்டி என்னக்கா ஆகப் போகுது?" பரீதாவின் குரல் உடைந்திருந்தது. "குட்டிக்கு ரெண்டு மாசம்கூட இருக்காது. மேளச் சத்தம் கேட்டாலே தாய் அதை வாயில கவ்விட்டு ரோட்டைத் தாண்டப் பாக்கும். அதுகூடப் பரவாயில்ல. கண்ணி வைக்கிறவன் ஒருத்தன் கண்ணுல இந்த வழி பட்டா போதும். நான் இன்னிக்கே போய்க் கேமராவைக் கழட்டிடறேன். கேமராவைக் கழட்டலாம். அதுங்களை எங்கக்கா கொண்டுபோய் வைக்கிறது?"

"நான் ஏதாச்சும் பண்றேன்."

"நான் ரிப்போர்ட்ல எழுதியாகணும். உங்க பேரைத்தான் எழுதணும்க்கா."

"எழுதும்மா. அதான் நியாயம்."

போனை வைத்துவிட்டு உஷாராணி அழுதாள். இரண்டு வருஷமாக அவளுக்கென்று இருந்த ஒரே சந்தோஷம் இந்தப் படம் பார்க்கிற வேலை; இனி அது கிடைக்காது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாசி லெமாக்கைக் குளிர்பெட்டியில் வைத்து, லேப்டாப்பைப் பையில் போட்டாள்.

"கிளம்புங்க."

"எங்க?"

"உங்க அண்ணன் வீட்டுக்கு. அந்தக் கூட்டம் அவர் சொன்னாத்தான் கேக்கும்."

"அந்த வாசப்படியை நான் மிதிக்க மாட்டேன்."

"மிதிக்க வேணாம். காரை ஓட்டுங்க போதும்."

பெடரல் ஹைவேயில் ஒரு மணி நேரம். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஓட்டினான். ஷா ஆலம் தாண்டும்போது மட்டும், "அது நிஜமாவே சின்னக் குட்டிதானா?" என்றான்.  நேற்றே பார்த்திருக்கலாமே என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினாள்.

சபாபதி வீட்டு முன்கூடத்தில் நாற்காலியில் இருந்தார். ஓய்வு பெற்ற ரயில்வே மனுஷன். ஞாயிற்றுக்கிழமையும் சட்டையை உள்ளே விட்டுப் பெல்ட் போடுகிறவர். இன்று பனியனோடு இருந்தார். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்று இராஜம்மா கண்ணாலேயே சொன்னாள். மடியில் கைப்பேசி, அதில் அந்தப் படம்.

"வாம்மா உஷா. அவன் வரலியா?"

"கார்ல இருக்கார் மாமா."

"ஜெயிச்சுட்டான்ல."

"மாமா, நான் அதுக்கு வரல. அங்க மூணு வேன்ல போகப் போறாங்க. நீங்கதான் நிறுத்தணும். குட்டி செத்துரும் மாமா."

அவர் கேட்ட மாதிரியே தெரியவில்லை. படத்தை விரலால் பெரிதாக்கினார்.

"இதுல அது உக்காந்திருக்கும்மா. படுக்கும்போது இப்படி இருக்காது. உடைஞ்ச மூலையில இடது முன்னங்காலைத் தொங்கப் போட்டு, தாடையை அது மேல வச்சு, காதை மட்டும் இப்படித் திருப்பி... அப்படித்தான் படுக்கும்."

உஷாராணி தோளில் மாட்டியிருந்த லேப்டாப் பையின் மேல் கை வைத்தாள்.

குழுவில் போனது ஒரே ஒரு படம். மிச்சம் இருபத்தாறும் இந்தப் பைக்குள், லேப்டாப்பில். அதில் பதினொரு படங்களில் அது இதே மாதிரிதான் படுத்திருக்கிறது. உடைந்த மூலையில் இடது முன்னங்கால், அதன் மேல் தாடை, ஒரு காது மட்டும் திரும்பி. அவளையும் பரீதாவையும் தவிர உலகத்தில் யாரும் அந்தப் படங்களைப் பார்த்ததில்லை.

"மாமா, உங்களுக்கு எப்படி...?"

"பன்னிரண்டு வருஷமாச்சும்மா." குரல் கீழே இறங்கியது. "லோரியை ரோட்டுல நிறுத்திட்டு, கல்லைப் பேர்க்க நாலு பேர் கடப்பாரையோட நிக்கறாங்க. சூடம் கொளுத்தி உத்தரவு கேட்டுட்டு வரேன்னு நான் மட்டும் உள்ள போனேன். அப்பதான் மழை விட்டிருந்துச்சு. கல்லு மேல அது படுத்திருக்கு. இங்கேர்ந்து அந்தக் கதவு தூரம். என்னைப் பாத்துச்சு. எந்திரிக்கல. உறுமல. பயமே வரலம்மா எனக்கு, அதான் அதிசயம். அழுகைதான் வந்துச்சு. இது என் இடம், நீ யாருன்னு கேக்கற மாதிரி இருந்துச்சு. தட்டு, சூடம், எல்லாத்தையும் கீழ வச்சுட்டுப் பின்னாடியே நடந்து வந்துட்டேன்."

இராஜம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். முப்பது வருஷம் கூட வாழ்ந்தவளுக்கே இது புதுக் கதை.

"அதைப் பேர்க்க எனக்கு மனசு வரல. வெளிய வந்து புலி இருக்குன்னு சொன்னா? கடப்பாரையோட போய் விரட்டுவானுங்க. இல்ல, பயந்து ஓடி வந்துட்டான்னு சிரிப்பானுங்க. இன்னிக்கு உத்தரவு கிடைக்கலன்னு சொல்லி அவங்களைத் திருப்பி அனுப்பிட்டேன். ஆனா கும்பாபிஷேகப் பத்திரிகை அடிச்சு ஊரெல்லாம் குடுத்தாச்சு. மறுநாள் விடியறதுக்குள்ள தனியா போய், ஆத்தோரம் ஒரு கல்லைப் பாத்து எடுத்து, துணி சுத்திக் கொண்டு வந்துட்டேன். அவன் கண்டுபிடிச்சுட்டான். உண்மையைச் சொன்னவனை நான் கோயிலை விட்டுத் துரத்தினேன்."

உஷாராணி பையைத் திறந்தாள். விதிகள் ஞாபகம் இல்லாமல் இல்லை. ஆனால் இந்த மனுஷருக்குக் காட்டக் கூடாது என்று எந்த விதியிலும் எழுதியிருக்க முடியாது என்று தோன்றியது. பதினான்காவது படத்தைத் திறந்து அவர் பக்கம் திருப்பினாள்.

சபாபதி எழுந்து நின்றுவிட்டார். உட்கார்ந்துகொண்டு பார்க்கிற படம் இல்லை அது. திரையைத் தொடப் போன விரல் அந்தரத்தில் நின்றது.

"இத்தனை புள்ளியா? அன்னிக்கு ஒன்னுமே தெரியலியே. முழுக் கருப்பால்ல இருந்துச்சு." பிறகு மெதுவாக, "அதேதானாம்மா இது?"

"இருக்காது மாமா. அவ்வளவு காலம் காட்டுல இருக்கறது கஷ்டம். மகளா இருக்கலாம். பேத்தியா இருக்கலாம்."

"அதே கல்லு. அதே மூலை." அவர் கண் நிறைந்து வழிந்தது. துடைக்கவில்லை.

வாசலில் ஏதோ நகர்ந்த சத்தம். உஷாராணி திரும்பினாள். சிவநேசன் கேட்டுக்கு வெளியே, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். எவ்வளவு நேரமாக நிற்கிறானோ. படியை மிதிக்கவில்லை, சொன்ன சொல் தவறாதவன். அண்ணன் நிமிர்ந்து பார்ப்பதற்குள் விறுவிறுவென்று காருக்குப் போய்விட்டான்.

"சாயங்காலம் சபையில எல்லாத்தையும் சொல்லிடப் போறேன்" என்றார் சபாபதி. "இனிமே என்னால சுமக்க முடியாது."

"சொன்னீங்கன்னா அதுதான் நிஜக் கல்லுன்னு ஆயிரும் மாமா. மூணு வேன் முப்பது வேனா போகும்."

"தெரியுதும்மா. ஆனா தம்பி கெட்ட பேரோட இருக்கானே. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

 பதில் காருக்குள் உட்கார்ந்திருந்தது. அவள் போய்க் கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கல்லைக் காட்டினது நீங்க. இல்லைன்னு சொல்ல வேண்டியதும் நீங்கதான்."

"என்ன சொல்றே?"

"படத்துல இருக்கறது நம்ம கல்லு இல்ல, நான் தப்பாப் பாத்துட்டேன்னு சொல்லணும். பன்னிரண்டு வருஷமாச்சு, யாருக்கு மூலை ஞாபகம் இருக்கப் போகுது? நீங்க சொன்னதாலதானே நம்பினாங்க."

"மூணு வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான்டி நான் தலை நிமிர்ந்திருக்கேன்! சாமி சந்நிதியில நின்னு பொய் சொல்லச் சொல்றியா?"

"எந்தச் சாமி? அது சாமியே இல்லைன்னு நீங்கதானே சொல்லிட்டுத் திரியறீங்க?"

சிவநேசன் வாயைத் திறந்தான். மூடினான். சாயங்காலம்வரை காரை விட்டு இறங்காமல், கைப்பேசியில் அந்தப் படத்தையே பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஐந்து மணிக்குக் கோயில் மண்டபம் நிரம்பி வழிந்தது. பிளாஸ்டிக் நாற்காலி போதாமல் பலர் நின்றார்கள். உள்ளே சந்நிதியில், சிவப்புத் துணி சுற்றி, சந்தனம் அப்பி, எலுமிச்சை மாலையோடு அந்த ஆற்றங்கரைக் கல் உட்கார்ந்திருந்தது. பன்னிரண்டு வருஷமாக வேண்டிக்கொண்டவர்களின் கண்ணீரும் நெய்யும் பட்டு, பார்க்கச் சாமியாகத்தான் இருந்தது. கூட்டத்தைக் கூட்டிய யுகேந்திரனை மட்டும் காணோம். போன் போகவில்லை என்றார்கள்.

சபாபதி மைக்கைப் பிடித்தார். சட்டையை உள்ளே விட்டு, பெல்ட் போட்டிருந்தார்.

"சொந்தங்களே, பன்னிரண்டு வருஷமா நான் ஒன்னு..."

"அண்ணே."

மண்டபம் திரும்பியது. கடைசி வரிசையிலிருந்து சிவநேசன் நடந்து வந்தான். மூன்று வருஷத்துக்குப் பிறகு அவன் வாயிலிருந்து வந்த அந்த ஒரு 'அண்ணே'யில் சபாபதிக்கு அடுத்த வார்த்தை மறந்துபோனது.

"மைக்கைக் குடுங்கண்ணே."

வாங்கிக்கொண்டான். உஷாராணி நாற்காலிப் பிடியை இறுகப் பற்றினாள்.

"எல்லாரும் மன்னிக்கணும். நேத்து அவசரத்துல ஒரு படத்தைப் போட்டுட்டேன். காலையிலேர்ந்து உக்காந்து பாத்தேன். படத்துல இருக்கற கல்லுக்கு இடது மூலை உடைஞ்சிருக்கு. நம்ம கல்லுல உடைஞ்சது வலது மூலை. அது வேற கல்லு. எந்தக் காடோ என்னமோ. என் சம்சாரம் இங்கதான் இருக்கு, கேட்டுக்கங்க."

எல்லாக் கண்ணும் தன் மேல் விழ, உஷாராணி எழுந்தாள்.

"எங்களுக்கு நம்பர் மட்டும்தான் குடுப்பாங்க. இடம் சொல்ல மாட்டாங்க." சத்தியமான பேச்சு. "தயவுசெஞ்சு படத்தை எல்லாரும் அழிச்சிருங்க. வேற எங்கயாச்சும் அனுப்பியிருந்தா அங்கயும்."

"அப்ப மூணு வருஷத்துக்கு முன்னாடி போட்ட சத்தம்?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார். சிலர் சிரித்தார்கள்.

சிவநேசனின் காது சிவந்தது. "தப்புதான். அபிஷேகத்தப்போ சந்தனம் பூசி மறைஞ்சிருந்த மூலையைப் பாக்காம பேசிட்டேன். எங்கண்ணன் கொண்டு வந்த கல்லு இதுதான். அவரைச் சந்தேகப்பட்டது என் குத்தம்."

மைக்கை வைத்துவிட்டு சந்நிதிக்குப் போய், நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். எழுந்தபோது அண்ணன் விபூதித் தட்டோடு முன்னால் நின்றார். தம்பியின் நெற்றியில் பூசிவிட்டார். பக்கத்தில் நின்ற உஷாராணிக்கு மட்டும் அவர்கள் பேசியது கேட்டது.

"இடது மூலைதான்டா உடைஞ்சது."

"தெரியும்ணே. பாராங் கத்தியால தேங்காய் வெட்டறேன்னு உடைச்சவன் நான்தானே."

"அடி எனக்கு விழுந்துச்சு."

"அதுக்குத்தாண்ணே இது."

இரண்டு கிழட்டுப் பயல்களும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, சிரிக்கிறார்களா அழுகிறார்களா என்று தெரியாதபடி நின்றார்கள். வேன் வேண்டாம் என்று மண்டபத்தில் முடிவானது. கேசரியும் தேநீரும் சுற்றத் தொடங்கின; உஷாராணி கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். நாற்காலி நாற்காலியாகக் கைப்பேசிகளில் அந்தப் படம் அழிவதைப் பார்த்துக்கொண்டே, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத உஷாராணி ஒரு வாய் கேசரி போட்டுக்கொண்டாள். எல்லாம் ஒழுங்காகிவிட்டது என்றே நினைத்தாள்.

அப்போதுதான் யுகேந்திரன் வந்தான்.

முட்டிவரை சேறு. சட்டையில் முள் கிழித்த கோடு. எப்போதும் ஊருக்கே கேட்கப் பேசுகிறவன், சத்தமில்லாமல் வந்து கடைசி வரிசையில் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். கைப்பேசியை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தான்.

"எங்க போயிட்டு வரீங்க?" என்றாள், தெரிந்துகொண்டே.

"வேன் நிறுத்த இடம் பாக்கலாம்னு போனேன்க்கா. ரெண்டு பேர் மரத்துலேர்ந்து கேமராவைக் கழட்டிட்டுப் போனாங்க. அவங்க போகட்டும்னு ஒளிஞ்சு நின்னேன். அப்புறம் கல்லுகிட்ட போய் நின்னு, நிமிந்து பாத்தா..." அவன் குரலைத் தாழ்த்தினான். "கல்லு மேலயே இருந்துச்சுக்கா. பட்டப்பகல். என்னைப் பாத்துச்சு. எந்திரிக்கவே இல்ல."



அவன் கைப்பேசியைத் திருப்பினான். இருட்டில் எடுத்த மங்கல் படமில்லை இது. வெயிலில், முழு வண்ணத்தில், பச்சைக்கு நடுவே ஒரே கருப்பாக அது. மடியில் குட்டி. உடைந்த இடது மூலை, அதன் மேல் பழைய எண்ணெய்க் கறை, பின்னால் பம்பு ஹவுஸின் கூரை. இடது, வலது என்று இனி யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது.

"அழிச்சிருங்க யுகேந்திரன்."

"அழிக்கணும்னுதான்க்கா வழியெல்லாம் நினைச்சுட்டு வந்தேன்." அழிக்கும் பொத்தானுக்குப் பக்கத்தில் விரலை வைத்தான். அவன் நிமிர்ந்து, சந்நிதிக்கு எதிரே தம்பியின் தோளில் கை போட்டு நின்ற சபாபதியைப் பார்த்தான், பிறகு அவளை. "ஆனா சொல்லுங்கக்கா. இதையும் அழிச்சுட்டா, நான் பாத்ததை யார் நம்புவா?"